நல்லினியின் சிறையும் சலவைப்பொறியின் ஆணைப்பலகையும்

செங்கழனி நாடாளும் அரசி வானவல்லியாரின் அடிதொழுது, முதலமைச்சன் ஆதன் நெடுமொழி, கோடைமலைக் கோட்டைத் தலைவர் வேள் கண்டீரனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் அரண் நிலைபெறுக. தங்கள் மகள் பூவையின் கால்புண் விரைந்து ஆறுக.

தங்கள் மாளிகைச் சலவைப்பொறியினின்று வெந்நீர் பொங்கிக் குழந்தையின் காலைச் சுட்டதும், பொறியை இயக்கிய நல்லினி வேண்டுமென்றே மடையைத் திறந்தாள் எனத் தாங்கள் அவளைச் சிறையிலிட்டதும், வரும் முழுநிலவன்று நாடுகடத்த ஆணையிட்டதும் அறிந்து, சிறைக்கே வந்து அவளை வினவினோம். அவள் அழவில்லை. "மடைய நான் தொடவே இல்லீங்க ஐயா. நிக்க வேண்டிய நேரத்துல தண்ணி நிக்கல. கொழந்தையத் தூக்கிக்கிட்டு ஓடுனதே நான்தான்" என்று கூறி, வெந்துபோன தன் கைகளைக் காட்டினாள்.

அதன்பின் பொறியைச் சோதித்தோம். உருளையில் குறையில்லை. மடைக்கதவும் கையால் தள்ளத் தடையின்றி மூடியது. எஞ்சியது, நீர் எப்போது வர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று மடைகளுக்கு உணர்த்தும் ஆணைப்பலகை. அதைக் கழற்றித் தலைநகர் கொணர்ந்து எம் வீட்டுப் பொறியில் பொருத்தினோம். அங்கும் வெந்நீர் நிற்கவில்லை. எம் பலகையைத் தங்கள் மாளிகைக்கு அனுப்பி, தங்கள் துணைவியார் முன்னிலையில் பொருத்தச் செய்தோம். மும்முறையும் குறித்த அளவில் நீர் நின்றது. பழுதுற்ற பலகையைப் பிரித்தபோது, மடையை மூடச்செய்யும் செம்புநாக்கு வெப்பத்தால் வளைந்து பக்கத்து நாக்கோடு ஒட்டிக் கிடந்தது.

அதே வார்ப்பில் செய்த பலகைகள் தங்கள் கோட்டையில் இன்னும் பதினொரு வீடுகளில் உள்ளன. விரைவில் முடிக்குமாறு கம்மியரை நெருக்கியவரும், சோதியாது முத்திரையிட்டு ஏற்றவரும் யாமே. இதனை அரசியார் திருமுன் ஒளிவின்றி உரைத்துவிட்டோம்.

ஆதலின், அரசியார் ஆணைப்படி, இவ்வோலை கண்ட நாழிகையே நல்லினியை விடுவிக்க. பதினொரு வீட்டுப் பொறிகளுக்கும் நீர்வரத்தை அடைக்க. புதிய பலகை பொருத்திச் சோதிக்கும்வரை ஒருவரும் அவற்றை இயக்கலாகாது. ஒரு தந்தையின் சினத்தை யாம் அறியாதோரல்லேம். ஆயினும் சிறைக்கதவைக் காவலர் திறத்தல் போதாது. பூட்டச் சொன்ன தாங்களே திறத்தல் வேண்டும்.

இவ்வோலையைத் தூதன் கையில் விடுத்திலேம். யாமே கொணர்ந்து தங்கள் கோட்டை வாயிலில் நிற்கின்றோம். அவள் வெளிவருகையில் முதற்கண் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யாம்.

அரசியாரின் அன்ன முத்திரை இட்டது. ஆணை இன்றே நிறைவேறுக.