நான்காவது தறி

மார்ச் 3
திருப்பதியில் ஒரு கல்யாணம், டி.ஜே. நான். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் என் டெக்னோ இசையை நுழைத்தேன். மாப்பிள்ளையின் மாமா மேடைக்கே வந்துவிட்டார். "ஏமிம்மா இது, மிஷின் ஓடற மாதிரி கீது?"
மிஷின்தான் சார். நகரியில் என் நைனா ஓட்டும் விசைத்தறிகளில் நான்காவது. போனில் பதிவு செய்தது. ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று தயங்கும், பிறகு அவசரமாக வந்து சேர்ந்துகொள்ளும். அந்தத் தயக்கம்தான் டிராக்கின் உயிர். நடுவில் நைனா, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிறார்: "துன்னியா?" அதையும் வெட்டவில்லை.

மார்ச் 9
ஸ்ரீசிட்டி தொழிற்சாலை வேலையை விட்டு, இசை வெளியிடும் லேபிள் தொடங்கியபோது பெரியம்மா என்னை "அடங்காதவ" என்றார். பெயர் கிடைத்தது: அடங்கா ரெகார்ட்ஸ்.

ஏப்ரல் 20
லேபிளில் பாதி என் தோழி சபீனா. திருச்சானூரில் லாட்ஜ் மாடி அறையில் இருவரும் வேலை செய்கிறோம். ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு எங்கள் டிராக்குகளைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது அவள் யோசனை. இன்று ஏறிய ஆட்டோவில் எங்கள் தறி! பக்கத்திலிருந்த பூக்கார அம்மா கூடையில் தாளம் போட்டார்.

மே 28
ராமகுப்பத்திலிருந்து பூவராகவன் என்ற பையன் டிராக் அனுப்பியிருக்கிறான். பட்டுப்புழுக்கள் இலை கடிக்கும் சத்தம். அவனையும் சேர்த்து இப்போது இசையமைக்கும் ஐந்து பேர் எங்களை நம்பி இருக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 11
பெங்களூர் நிறுவனத்திலிருந்து ஹரிபிரசாத் பேசினார். எங்கள் லேபிளை உலகம் முழுக்க விற்றுத் தருவாராம். முதலில் தறி டிராக். ஆனால் நல்ல மைக்கில் மறுபதிவு வேண்டும், பீட் தயங்கக் கூடாது, "அந்த துன்னியா வேணாங்க."
மைக் சரி. மற்றது? பார்க்கலாம்.

ஜூன் 15, நகரி
மைக்கோடு போனேன். டக் டக் டக் டக். தயக்கமே இல்லை.
"நீ வர்றன்னு மெக்கானிக்க கூப்ட்டு சரி பண்ட்டேன். ஊரே கேக்கப் போவுது, பழுதான தறியவா கேக்க வெக்கிறது?" என்றார் நைனா.
இத்தனை நாளாக லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன்! கோபம் பொங்கியது. அவர் முகத்தைப் பார்த்தேன் — பெருமை. மைக்கை வைத்துப் பதிவு செய்தேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

ஜூன் 16
புதுப் பதிவு ஹரிபிரசாத் கேட்டது போலவே இருக்கிறது. அனுப்பினால் போதும். சபீனா கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா இது நம்பளுது இல்லடி" என்றாள்.
மற்றவர்களின் வாய்ப்பையும் நான் கெடுக்கிறேனா? ஐந்து பேருக்கும் போன் செய்தேன். பூவராகவன் சிரித்தான்: "அக்கா, நாளைக்கு என் புழுவ சத்தமில்லாம துன்னச் சொல்லுவாங்க. வேணாம்."
ஹரிபிரசாத்துக்கு முடியாது என்று எழுதினேன். அனுப்பியும் விட்டேன். போகட்டும்! அதே போன் பதிவை நாங்களே வெளியிடுவோம்.

ஜூலை 2
பெங்களூரிலிருந்து பதில் இல்லை. வேண்டாம்.

நவம்பர் 23, திருப்பதி
எங்கள் சொந்த நிகழ்ச்சி. மண்டபம் நிறைந்துவிட்டது. ஆட்டோக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், சென்னையிலிருந்தும் ஒரு கூட்டம். தறி தயங்கிய இடத்தில் எல்லாரும் நின்றார்கள், அது ஓடியதும் குதித்தார்கள். "துன்னியா?" என்று நைனா குரல் வந்தது. "துன்ட்டோம்!" என்று மண்டபமே கத்தியது.
கதவோரம் நைனா நின்றுகொண்டிருந்தார். வருவதாகச் சொல்லவே இல்லை. முடிந்ததும் கிட்டே வந்து, "மெக்கானிக்க கூப்ட்டு பழையபடியே மாத்தச் சொல்லட்டா?" என்றார்.
"வேணாம் நைனா. அது ஒழுங்கா துணி நெய்யட்டும். தறிகெட்டு ஆட நாங்க கீறோம்."