ஸ்பீக்கரில் வந்த தோத்திரம்

டெல்பின் அப்பாவுக்கு,

"வேலைக்கு வந்த ஊரில், ஐரோலியில், கம்பெனி ரூமில் தனியாகக் கிடக்கிறேன், செபமாலையில் ஐந்தாவது பத்து மணிச் செபத்தைப் போனிலேயே சொல்கிறேன்" என்று பழக்கியது நீங்கள்தான். தினமும் பக்கத்து வீட்டு டிவியைக் குறைக்கச் சொல்லி, மாதா படத்துக்கு முன்னால் போனை ஸ்பீக்கரில் வைத்துக் காத்திருந்தோம். செபம் முடிந்ததும் டெல்பின், "அப்பா, தோத்திரம்" என்று சொல்லிப் போனை நெற்றியில் ஒட்டிக்கொள்வாள். அங்கிருந்தே நீங்கள் அவள் நெற்றியில் விரலால் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறீர்கள் என்று அவளுக்கு நம்பிக்கை.

நேற்று அவள் வாய் திறக்கும் முன்பே உங்கள் பக்கத்திலிருந்து ஒரு மழலைக் குரல், "அப்பா, தோத்திரம்" என்றது.

"பக்கத்து ரூம் புள்ள, சும்மா வெளையாடுது" என்றீர்கள். பக்கத்து ரூம் பிள்ளைக்கு நீங்கள் எப்போது அப்பா ஆனீர்கள்?

அதன் தாய் யார் என்று கேட்கமாட்டேன். என் மகள் போனுக்கு நெற்றியைக் கொடுத்த அத்தனை நாளும் உங்கள் விரல் எந்த நெற்றியில் இருந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.

இன்று உங்கள் பத்து மணிச் செபத்தை நானே சொன்னேன். முடிவில் டெல்பின், "அந்தப் பாப்பாவுக்கு அப்பா இல்லையாம்மா? அதுக்கும் வேண்டிக்கிடுவோம்" என்றாள். வேண்டிக்கொண்டோம். உங்களுக்காக வேண்டத்தான் எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
மூத்தவளின் அம்மா