கட்டிலுக்குக் கீழே இருந்த விறகு

வெள்ளவத்தை,
ஐப்பசி, 1938

கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்கு,

நீங்கள் அனுப்பிய நிலாம் நானா நேற்று வந்தார். கட்டிலுக்குக் கீழே நீங்கள் சேர்த்துவைத்த விறகுத் துண்டுகளைக் கேட்டார். மயில் போல வளைந்தது, யானைக்கண் போல முடிச்சு விழுந்தது, ரேகைகளில் உங்கள் அம்மாவின் முகம் தெரிகிறது என்று வருபவர்களுக்கெல்லாம் காட்டுவீர்களே, அவற்றைத்தான்.

"அம்மா சொகமா இருக்கிறாவா?" என்று அவராகத்தான் கேட்டார். நீங்கள் கேட்கச் சொல்லவில்லையாம். ஓம் என்று சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஈர விறகை ஊதி ஊதி என் கண் எரிந்த நாட்களிலும் அவற்றைத் தொட விடமாட்டீர்கள்.

போன கிழமை தொட்டேன். மாமியை எடுத்த அன்று விடாத மழை. சுடலைக்கு வந்த விறகெல்லாம் நனைந்துவிட்டது. வீட்டில் காய்ந்து கிடந்தவை உங்களுடையவை மட்டும்தான். எல்லாவற்றையும் என் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவின் முகத்தை அம்மாவின் நெஞ்சிலேயே வைக்கச் சொன்னேன். மயில்தான் முதலில் பற்றியதாம். கொள்ளியும் தம்பிதான் வைத்தான்.

கடைசி நாட்களில் மாமி வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "அவனுக்குச் சொல்லி அனுப்பினனியோ, பிள்ளை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஒருவரையும் அனுப்பாத நான் சொன்னேன்: "ஓம் மாமி. வர விருப்பமில்லையாம்."

அதற்குப் பிறகு அவர் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பேரில் இன்னும் பொட்டு வைத்திருப்பவள்