நான் சொன்னதை முழுதாய்ச் சொன்ன அக்காவுக்கு

கிள்ளான் கோர்ட்டு நடையில் இன்று காலை யாரோ நெற்றியில் தைலம் தேய்த்தார்கள். உங்கள் மேல் எப்போதும் வீசும் அந்த வாசனை வந்ததும் கண் உங்களைத்தான் தேடியது. வாசலில் நின்ற காவலரிடம் கேட்டேன். "தமிழ் மொழிபெயர்ப்பு செய்வாங்களே, அந்த அக்காவா? போன வருஷமே தவறிட்டாங்க," என்றார். உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாத மடையன் நான்.

நான் பந்திங் ஊர் லோரிக்காரன். திருட்டுச் செம்பனைக் குலைகளை ஏற்றிப் போனதாகப் பிடித்தார்கள். முதலாளி ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் லோக்காப்பில் எல்லோரும் ஒரே பாட்டு. "சாலா, தப்பு என்னோடதுதான்னு ஒத்துக்க லா, இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்." எங்கள் ஆட்களுக்கு ஜெயிலைவிட வாய்தாதான் பெரிய பயம். ஒரு நாள் வராவிட்டால் லோரியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

சந்தையில் பேசும் பாசார் மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோர்ட்டு மலாய் அப்படியில்லை. குற்றச்சாட்டைத் தமிழில் சொல்லிவிட்டு, "ஒத்துக்கிட்டா விசாரணை கிடையாது. ஜெயிலும் கிடைக்கலாம். புரியுதா?" என்று கேட்டீர்கள். "புரியுதுக்கா," என்றேன். ஒன்றும் புரியவில்லை. பெரிய இடத்தில் கேட்டால் அப்படிச் சொல்லித்தானே நமக்குப் பழக்கம். சாலா என்று ஒத்துக்கொண்டு, போலீஸ் எழுதியதை வாசித்தபோதும் தலையாட்டினேன்.

தண்டனையைக் குறைக்கச் சொல்ல ஏதாவது உண்டா என்றார் மேஜிஸ்திரேட். "ரெண்டு பிள்ளைங்க படிக்குது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க. அது திருட்டுக் காய்னு சத்தியமா எனக்குத் தெரியாது," என்றேன். கருணை கேட்கிறார் என்று ஒரே வரியில் நீங்கள் முடித்திருக்கலாம். சாப்பாட்டு நேரம், எல்லோருக்கும் அவசரம். நீங்களோ கடைசிச் சொல்வரை மலாயில் சொன்னீர்கள். மேஜிஸ்திரேட் மறுபடி சொல்லச் சொன்னார், சொன்னீர்கள். திருட்டுப் பொருள் என்றே தெரியாதவன் குற்றத்தை ஒப்புக்கொண்டது செல்லாது என்று தள்ளிவிட்டு, வழக்கை விசாரணைக்கு வைத்தார்.

ஜாமீனில் வெளியே வந்து நான் செய்த மரியாதை உங்களுக்குத் தெரியும். நடையில் மறித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போக வேண்டியவன மாட்டி விட்டுட்டியே!" என்று ஒருமையில் கத்தினேன். "நீங்க சொன்னதத்தான் சொன்னேன் தம்பி. அதுல குறைக்க எனக்கு உரிமை இல்ல," என்றீர்கள். இலவச வக்கீல் உட்காரும் அறையைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அந்த வக்கீல்தான் வாதாடி என்னை மீட்டார். விடுதலை என்பதையும் நீங்கள் அதே குரலில்தான் சொன்னீர்கள். அன்று திருடன் என்று பதிவாகியிருந்தால் இன்று எவன் என்னை நம்பி லோரிச் சாவியைக் கொடுப்பான்?

இன்று என்னோடு வண்டி ஓட்டும் சேகருக்காக வந்திருந்தேன். செய்யாததை ஒப்புக்கொண்டு வீட்டுக்கு ஓட அவனும் துடித்தான். அவனை முதலில் அந்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். விசாரணைக்குத் தேதி கொடுத்ததும், "உன்னால நான் இன்னும் எத்தன தடவ அலையணும்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான். வலித்தது அக்கா, நன்றாகவே வலித்தது.

உங்களுக்கும் அப்படித்தான் வலித்திருக்கும். அதற்குப் பிறகும் என் விசாரணை முடியும்வரை ஏழு தடவை என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். ஒரு தடவைகூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை.