விசாரணைக்கு முன்னால் எழுதி வாங்கிய மன்னிப்பு

மேசைமேல் ஒரு பட்டுக்கடை ஃபைல் இருக்கிறது. நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும். நாடாவைக் கட்டுவதற்கு முன் இன்னொரு முறை புரட்டினேன். முதல் தாள் மன்னிப்புக் கடிதம். குற்றச்சாட்டு மெமோ அதற்கு நான்கு தாள் தள்ளி இருக்கிறது, தேதியும் ஒன்பது நாள் தள்ளித்தான். கடைசித் தாள் வேலைநீக்க உத்தரவு. தட்டச்சு செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். மறதியாக அதையும் சேர்த்தே எனக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த எரிச்சலைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

உன்மேலும் எரிச்சல்தான். நீ இருந்தால் இந்த ஃபைல் என் வீட்டுக்கு வந்திருக்காது. கடை முதலாளி நேரில் வந்து விசாரணையை நடத்தித் தரச் சொல்லிக் கேட்டபோது, நான் செய்தியாளன், எனக்கும் விசாரணை அதிகாரி வேலைக்கும் சம்பந்தமில்லை என்றேன். "அவர்கூடவே சுத்திகினு இருந்தீங்களே சார், உங்களுக்குத் தெரியாததா?" என்றார். சுற்றியது உண்மை. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பிறகு உன்னை மில்களும் கடைகளும் என்கொயரிக்குக் கூப்பிட்டன. உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என் ஸ்கூட்டரில் வருவாய், போய்ச் சேர்ந்ததும் என்னை வெளியே உட்கார வைத்துவிடுவாய். "நீ பார்ட்டியும் இல்ல, சாட்சியும் இல்ல." அதோடு கதவு சாத்தப்படும். நான் கற்றதெல்லாம் ஜன்னல் வழியாகக் காதில் விழுந்ததுதான்.

களம்பூர் மில்லின் ஜன்னல் நன்றாக நினைவிருக்கிறது. பாய்லர் பார்த்த ஏழுமலை கவனிக்காமல் விட்டதால் ஒரு தொட்டி நெல் வீணானது என்று குற்றச்சாட்டு. அவரும் மன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீ கேட்டாய்: "மேற்படி தவறுக்கு முழுப் பொறுப்பு ஏற்கிறேன்னு போட்டிருக்கியேப்பா. மேற்படின்னா இன்னா தவறு?"

"அது மேனேஜருக்குத்தாங்க தெரியும்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. எட்டு முறை விசாரணையைக் கூட்டினாய். ஏழுமலைக்குத் துணையாக வர வேண்டிய சக தொழிலாளி ஒரு நாள் வரவில்லை என்று, அவரே வேண்டாம் என்று கெஞ்சியும் தள்ளிவைத்தாய். சஸ்பெண்டில் இருக்கும் மனிதனுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு வருடம், உன் நியாயம் நடந்து வருகிறது, அவன் பசி ஓடி வருகிறது என்று வழியெல்லாம் திட்டினேன். பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாய். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எட்டாவது முறை முடித்தாய்.

அதற்கு முன்பே நான் செய்தி போட்டுவிட்டிருந்தேன். 'அலட்சியத்தால் நெல் நாசம்: ஊழியர் ஒப்புதல்' என்று. பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய்.

"யாரைக் கேட்டு எழுதினே?"

மேனேஜரைக் கேட்டேன், கடிதத்தையும் பார்த்தேன் என்றேன்.

"அவனைக் கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. இந்த ஊரில் கையெழுத்தைப் பார்த்துவிட்டால் ஆளைப் பார்க்கத் தேவையில்லை என்று முப்பது வருட அனுபவம் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. ஏழுமலை விடுவிக்கப்பட்ட செய்தியை அனுப்பினேன். அது செய்தியா என்று பேப்பர் ஆபீஸில் கேட்டார்கள், வரவில்லை. நீ அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சரி, இந்த ஃபைலுக்கு வருகிறேன். நெசவாளர்கள் கொண்டுவரும் புடவையைக் கழியில் போட்டு, வெளிச்சத்தில் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போடும் வேலை சுமதிக்கு. பதினோரு வருடமாகப் பார்க்கிறார். முந்தானைக்குப் பக்கத்தில் இழை விட்டுப்போன புடவை ஒன்று கல்யாண வீட்டுக்குப் போய், பெரிய சண்டையோடு திரும்பி வந்திருக்கிறது. சீட்டில் சுமதியின் கையெழுத்து. நெய்தவர் அவருடைய சித்தப்பா மகன். சொந்தக்காரன் என்று தெரிந்தே விட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் இந்த ஊரில் இன்னொரு கடை அவரிடம் புடவையைக் காட்டாது.

முதல் நாளே தகராறு. மன்னிப்பை எழுதி வாங்கிய மேனேஜரே நிர்வாகத்தின் சார்பில் வழக்கை நடத்த வந்து உட்கார்ந்தார். அவர் பெயர் சாட்சிப் பட்டியலிலும் இருந்தது. இரண்டில் ஒன்றுதான் என்றேன். நிர்வாகத்துக்கு முதலாளியே உட்கார வேண்டியதாயிற்று. தேதி போடாத உத்தரவை அவர் கையில் கொடுத்து, இது என் கண்ணில் படக்கூடாத தாள், பட்டுவிட்டது என்பதைப் பதிவு செய்கிறேன் என்றேன். "ஜல்தியா முடிங்க சார், அதான் அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களே" என்றார். துணையாக யாரை அழைத்து வருகிறாய் என்று சுமதியைக் கேட்டேன். யாரும் வேண்டாம் என்றார். வேண்டும் என்று பத்து நாள் தள்ளிவைத்தேன். நீ செய்ததைத்தான் செய்தேன், அதே வசவை வாங்கினேன்.

இரண்டாம் முறை பேக்கிங்கில் வேலை செய்யும் ஓர் அம்மாவுடன் வந்தார். என்னை அதிகம் படுத்தியவர் சுமதிதான். மன்னிப்புக் கடிதத்தை அவரே விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். "எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதாங்க. இப்ப மாத்திப் பேசினா மரியாதையா இருக்காது."

கடிதத்தை ஒதுக்கி வை, புடவை வந்த நாளில் என்ன நடந்தது என்று மட்டும் சொல் என்றேன்.

"அன்னிக்கு நான் ஊர்லயே இல்லீங்க. தேவிகாபுரத்துல எங்க மாமியாருக்குக் காரியம்."

வருகைப் பதிவேடு மேனேஜர் அறை அலமாரியிலேயே இருந்தது. எடுத்து வரச் சொன்னேன். அன்று விடுப்பு. பிறகு சீட்டில் கையெழுத்து எப்படி வந்தது? சுமதியின் கையெழுத்து இல்லாமல் கடையில் எந்தப் புடவையும் அலமாரிக்கு ஏறாது. அதனால் அவர் இல்லாத நாளில் யார் பார்த்து வாங்கினாலும், மறுநாள் அவர் வந்து எல்லாச் சீட்டிலும் போட்டுவிடுவார். பல வருட வழக்கம். யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

பிறகு ஏன் மன்னிப்பு எழுதினாய்? இதைக் கேட்கும்போது என் குரல் உயர்ந்துவிட்டது, விசாரணை அதிகாரிக்கு அது அழகில்லை.

"முதலாளி நேர்ல நின்னுகினு கேக்கறாரு. நான் இல்லீங்கன்னு எப்படிங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

முதலாளி தரையைப் பார்த்தார். தன் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று யாரும் சொல்வதில்லை என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது போலிருந்தது.

நெய்தவரை அதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. அழைத்தேன். அன்று புடவையை யார் பார்த்தது என்றேன். "மேனேஜர் சார்தாங்க. போன் பேசிகினே பார்த்தாரு." முதலாளிக்கும் சுமதிக்கும் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புக் கொடுத்தேன். சுமதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இழை விட்டது உனக்குத் தெரியுமாடா?" தெரியாது என்று தலையாட்டினார். மேனேஜரையும் சாட்சியாகக் கேட்டேன். புடவையை வாங்கியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். கையெழுத்து சுமதியுடையதுதானே என்று அதையே மூன்று முறை சொன்னார்.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினேன். பார்க்காத புடவைக்கு சுமதி கையெழுத்துப் போட்டது தவறு, அந்தத் தவறு கடையின் வழக்கம் என்பதையும் எழுதினேன். அதை விட்டுவிட்டால் அறிக்கை அவர் பக்கம் சாய்ந்துவிடும். நீயும் விட்டிருக்க மாட்டாய்.

சுமதி வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒரு நாள் வேலையை ஆறு வாரமாக்கிவிட்டேன் என்று முதலாளிக்குக் குறை. மேனேஜர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். சுமதியாவது சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். நேற்று வீட்டுக்கு வந்து அவரும் சண்டை போட்டார்.

"மேனேஜர் சாரை அத்தனை பேர் எதிர்ல நீங்க கேட்டிருக்க வேணாங்க. என்கூட மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறாரு."

பதில் சொல்ல அவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா என்றேன்.

"பதில் சொல்றதுதாங்க பெரிய பேஜாரு" என்றார். பிறகு, போகும்போது வாசலில் நின்று, பார்க்காத புடவையில் இப்போதெல்லாம் கையெழுத்துப் போடுவதில்லை என்றும், அதற்கும் கடையில் கோபித்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார்.

உன்னைப் பார்த்து இந்த ஊர் பட்ட எரிச்சல் முழுவதும் இப்போது என் பெயருக்கு மாறியிருக்கிறது. நீ இருந்தவரை அதில் பாதி என்னுடையதாக இருந்தது. திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு மில்லிலிருந்து போன். சின்ன விஷயம்தானாம், ஒரே வாரத்தில் முடித்துத் தர வேண்டுமாம். மெமோ கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், எழுதி வாங்கிட்டோம்" என்றார்கள்.

அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், இப்போதைக்கு எனக்கு வேண்டாம் என்றேன். முதலில் அந்த ஆளிடம் போனைக் கொடுங்கள்.