கையும் படத்துக்குள் வரணும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் இருமல் நின்றுவிட்டது என்று பதில் வந்தால் நானும் சுகம். போனில் சொன்னால் உன் அப்பா குறுக்கே பேசுவார், அதனால்தான் கடிதம்.

தச்சுப் பட்டறைப் பயிற்சிக்கு உன் தம்பி விண்ணப்பித்தானே, தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி வீடியோ அனுப்பச் சொன்னார்கள், அவன் கையால் பேசுவதைப் புரிந்து சொல்ல அங்கே ஆள் உண்டாம். முகம் லட்சணமாகத் தெரியட்டும் என்று நான் கிட்டே போய் எடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் பதில், முகம் தெளிவாக இருக்கிறது, என்ன சொல்கிறார் என்றுதான் தெரியவில்லை, வெள்ளிக்குள் வேறு அனுப்புங்கள் என்று. போட்டுப் பார்த்தால் படம் கழுத்தோடு நிற்கிறது, ஒரு விரல்கூட உள்ளே இல்லை. காது கேளாத பிள்ளையைப் பத்தொன்பது வருஷம் வளர்த்தவள் செய்கிற காரியமா இது? எதிரில் நின்ற எனக்கு அவன் கை தெரிந்தது, போனுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். உன் அப்பா விடுவாரா, "பேசுறவன் வாயைப் பொத்திட்டுப் படம் எடுத்திருக்கா உங்கம்மா" என்று வாயாலும் கையாலும் சொல்லிச் சிரித்தார், அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் உனக்கு அனுப்பியதெல்லாம் அப்படித்தானே, அவன் உன்னிடம் என்னென்ன சொன்னானோ.

பிறகு, வீடியோ எடுக்க நீ முன்பு சொல்லித்தந்தபடியே செய்தோம். ஜன்னலைப் பார்க்க நிறுத்தினேன், பின்னால் இருந்த துணிக்கொடியை அவிழ்த்தேன், கட்டம் போட்ட சட்டையைக் கழற்றச் சொல்லிக் கருநீலம் போடவைத்தேன், அதில்தான் விரல் எடுப்பாகத் தெரிந்தது. தையல் மெஷின் மேல் மாவு டப்பா, அதன் மேல் போன், அவன் நெஞ்சு உயரத்துக்கு. போன் திரையில் கட்டக் கோடு வரவைக்கச் சொன்னாயே, மேல் கோட்டில் கண், கீழே இடுப்பு வரை உடம்பு, கையை விரித்தாலும் வெளியே போகாதபடி இரண்டு பக்கமும் காலி. "இவ்வளவு இடத்தை வீணாக்குறியே" என்றார் அப்பா. வீணில்லை, அவன் பேசுகிற இடம் அது என்றேன்.

நேற்றுப் பதில் வந்துவிட்டது, திங்கட்கிழமை நேரில் வரச் சொல்கிறார்கள். எடுத்துக்கொள்வார்களோ என்னவோ, அவன் சொன்னது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது, எனக்கு இப்போதைக்கு அது போதும்.

உனக்கென்றும் ஒரு வீடியோ போனில் அனுப்பியிருக்கிறேன். முகத்தையே பார்த்துக்கொண்டிராதே, கையைப் பார், கடைசியில் உன்னைக் கேலி செய்கிறான். நீயும் கையாலேயே திருப்பிக் கொடு, மறந்திருந்தால் மெதுவாகச் சொல், காத்திருப்பான். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும். போனை மட்டும் கொஞ்சம் தள்ளி வை.

உன் அம்மா