செத்த ஆண்டின் பெயரில் எழுதியவை

கெயுன் ஐந்தாம் ஆண்டு, முதல் மாதம், இருபதாம் நாள்

பனி. வட்டார அலுவலகத்தில் மை உறைந்துபோனது. ஊதி ஊதி எழுதினேன். குடும்பப் பதிவேட்டில் தம்பி இசோமாரோவின் பெயருக்கு நேரே ‘தப்பியோடியவன்’ என்று இந்த ஆண்டும் என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. மேற்குக் கடற்கரைக் காவலுக்குப் போகும் வழியில் படையை விட்டு ஓடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. பின்மலையில் ஒளிந்திருக்கிறான். அவன் மனைவி குரோமேவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இரண்டாம் மாதம், ஒன்பதாம் நாள்

அரசவை ஆண்டின் பெயரையே மாற்றிவிட்டது. முசாஷி மாகாணத்தில் மண்ணைத் தோண்டியதும் சுத்தமான செம்பு கிடைத்ததாம். வானம் மகிழ்ந்ததற்கு அடையாளமாம். இனி இது செம்பின் பெயரால் வாதோ முதலாம் ஆண்டு. வட்டாரத் தலைவர் அலுவலக முற்றத்தில் நின்று அரசாணையை வாசித்தார். மலையில் ஒளிந்திருப்பவர்கள் நூறு நாளுக்குள் வந்து சரணடைந்தால் குற்றம் மன்னிக்கப்படும். அங்கேயே விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

புதுப் பெயர் போன மாதம் பதினொன்றாம் தேதியே பிறந்துவிட்டதாம். அன்றிலிருந்து நான் எழுதியதெல்லாம் செத்த ஆண்டின் பெயரில். அலுவலக மரப்பலகைகளில் பழைய பெயரைக் கத்தியால் சீவிவிட்டுப் புதியதை எழுதினேன். இந்த என் சொந்தக் குறிப்புப் பலகையை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன், வேடிக்கையாக இருக்கட்டும் என்று.

இரண்டாம் மாதம், பத்தாம் நாள்

ஐந்தாம் மாதம் இருபதுவரை நேரம் இருக்கிறது. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

மூன்றாம் மாதம், நான்காம் நாள்

குரோமே வந்து நின்றாள். “நாளைக்கே அவரக் கூட்டிட்டு வந்துடறேன் மாமா.”

“அவசரப்படாதம்மா. மொதல்ல போறவன் கதி என்னன்னு பாப்போம். மலையில வெதச்ச வாற்கோதுமைய வேற அறுக்கணும். அத விட்டா கொழந்தைங்களுக்கு என்ன இருக்கு? நாள் கெடக்கு. நான் எண்ணி வச்சிருக்கேன்.”

“நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்” என்று போய்விட்டாள். எண்ணுவதில் இந்த வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நான்காம் மாதம், இரண்டாம் நாள்

கீழூர்க்காரன் ஒருவன் சரணடைந்தான். கஞ்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி பயமில்லை. அறுப்பு முடியட்டும்.

ஐந்தாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

இசோமாரோ வந்தான். தலைமுடியை வாரிக் கட்டிக்கொண்டு, அறுத்த கதிரில் ஒரு கட்டைத் தலைவருக்குக் காணிக்கையாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தலைவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“எந்த நாள்லேர்ந்து எண்ணின, கிமிமாரோ?”

“நீங்க வாசிச்ச நாள்லேர்ந்துங்க.”

“ஆணை பொறந்த நாள்லேர்ந்துல்ல எண்ணணும். போன மாசமே முடிஞ்சுபோச்சு. பழைய பேரச் சீவி எழுதினவன் நீதானே?”

நான்தான்.

ஐந்தாம் மாதம், பதின்மூன்றாம் நாள்

பலகையைச் சீவக் கத்தியைப் பிடித்த அன்றாவது யோசித்திருக்கக் கூடாதா? பாவி, அவ நாளைக்கேன்னுதானே சொன்னா — நான்தானே வேணாம்னேன். நாள் கெடக்காம் நாள்.

ஐந்தாம் மாதம், இருபதாம் நாள்

என் எண்ணிக்கைப்படி இன்றுதான் கடைசி நாள். மாகாண அலுவலகத்திலிருந்து தீர்ப்பு வந்தது. தம்பிக்கு நூறு தடியடி. அடியை உரக்க எண்ணுவது எழுத்தனின் வேலை.

ஐந்தாம் மாதம், இருபத்துமூன்றாம் நாள்

எண்ணினேன். முப்பத்தெட்டுக்குப் பிறகு அவனிடமிருந்து சத்தம் இல்லை. ஐம்பத்தொன்று என்றேன், அடுத்ததை அறுபத்திரண்டு என்றேன். தடியைப் பிடித்தவன் ஒரு நொடி நிறுத்தினான். தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடி மறுபடி இறங்கியது. எழுபத்தைந்துக்குப் பிறகு எண்பத்தாறு. அவ்வளவுதான் முடிந்தது என்னால்.

ஐந்தாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்

தம்பிக்குக் காய்ச்சல். முதுகில் ஈ மொய்க்கிறது; குரோமே விசிறிக்கொண்டே இருக்கிறாள். என்னோடு அவள் பேசுவதில்லை. நான் தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது அவன் கண் திறந்தான்.

“அண்ணே, ஒனக்கு எண்ணவே தெரியல” என்றான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறாம் மாதம், முதல் நாள்

பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இருந்ததை அடித்துவிட்டு ‘இறந்தவன்’ என்று எழுதினேன். வாதோ முதலாம் ஆண்டு, ஆறாம் மாதம், முதல் நாள். தேதியை மூன்று முறை சரிபார்த்தேன்.